கணிப்பொறி உபயோகிப்போருக்குத் தரத்தக்க பரிசுகள்

ஓர் ஊழியர் மாற்றலாகிச் செல்லும்பொழுதும், ஓர் ஆசிரியர் பணி ஓய்வு பெறும்பொழுதும் உடன் பணியாற்றியோர் ஒன்றுகூடி ஏதேனும் ஒரு பரிசு அளிப்பது நம் நாடெங்கும் நிலவிவரும் வழக்கம். முன்னர் கைக்கடிகாரம், பேனா, வெள்ளித் தட்டு, சால்வை முதலியன அளிக்கப்பட்டன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனி ஞானம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சால்வை எவர் தோளுக்கும் பொருந்தும். இப்பொழுதோ, "அவர் எந்நேரமும் கணிப்பொறியின் முன்பே அமர்ந்திருக்கிறார்; அதற்கு உதவும்படி ஏதாவது வாங்குவோம்" என்ற யோசனை எழுகிறது. யோசனை நல்லதே. ஆனால் ஒருவருடைய யந்திரத்திற்குப் பொருந்துவது மற்றொருவருடையதற்குப் பொருந்தாது. பொருந்தினாலும் அவர் செய்யும் வேலைக்குப் பயன்படாது. சில சமயம் நன்மைக்குப் பதிலாகத் தீங்கே விளைவதும் உண்டு.

அவ்வாறு தீங்கு விளைந்த நிகழ்ச்சி ஒன்றை இக்கட்டுரையாசிரியர் நேரில் அறிவார். கள ஆய்வுப் பணியில் பல்லாண்டுகள் கழித்த ஒருவர் வேறு மாநிலத்திற்கு மாற்றலானார். நண்பர்கள் 2 டெராபைட் கொள்ளளவு எனக் குறிக்கப்பட்ட ஒரு பென் டிரைவை அவருக்குப் பரிசளித்தனர். விலை மிக மலிவு. அவர் தாம் எடுத்து வைத்திருந்த பயிர் நோய்ப் புகைப்படங்கள் அனைத்தையும் அதில் பதிவு செய்துகொண்டு, அலுவலகக் கணிப்பொறியை ஒப்படைக்குமுன் அதிலிருந்தவற்றை அழித்துவிட்டார். புதிய ஊரில் திறந்து பார்த்தபோது கோப்புகளின் பெயர்கள் யாவும் ஒழுங்காகவே காணப்பட்டன. படங்களுள் பெரும்பாலானவை திறக்கவில்லை. பதினொரு பருவங்களின் உழைப்பு அது. பரிசளித்த நண்பர்களிடம் அவர் இதுவரை இச்செய்தியைத் தெரிவிக்கவில்லை.

மலிவான பென் டிரைவுகளும் மெமரி கார்டுகளும் இவ்வாறு ஏமாற்றுவது எங்ஙனம் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் இந்நாளில் பரிசுப் பொருள்களுள் மிகுதியாக வாங்கப்படுபவை இவையே.

பெயர் இருக்கும், பொருள் இராது

பென் டிரைவினுள் இரண்டு முக்கிய உறுப்புகள் உள்ளன. ஒன்று, விவரங்களைச் சேமித்து வைக்கும் ஃபிளாஷ் நினைவகச் சில்லு. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி ஃபூஜியோ மசுவோகா 1980-களில் வடிவமைத்த இவ்வகை நினைவகத்தில், கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான சிற்றறைகளில் மின்னூட்டம் சிறைப்படுத்தப்படுகிறது. மற்றொன்று, கட்டுப்படுத்தும் சில்லு. "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று கணிப்பொறிக்கு அறிவிப்பது இதன் வேலை. கணிப்பொறி அவ்வறிவிப்பைச் சரிபார்ப்பதில்லை, அப்படியே நம்பிவிடுகிறது. ஆகவே 32 ஜிகாபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு, 2 டெராபைட் இருப்பதாக அறிவிக்கும்படி கட்டுப்படுத்தும் சில்லைத் திருத்திவிட்டால் மோசடி நிறைவேறிவிடுகிறது.

முதல் 32 ஜிகாபைட் அளவுக்கு எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்கு மேல் எழுதப்படுபவை ஒன்று காற்றில் கலந்துவிடும், அல்லது முன்னர் எழுதியவற்றின் மீதே எழுதப்பட்டு அவற்றையும் அழித்துவிடும். ஆனால் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் நினைவகத்தின் தொடக்கப் பகுதியில், உண்மையாகவே உள்ள இடத்தில், பதிவாவதால் அது கெடுவதில்லை. அதனால்தான் பெயர்கள் யாவும் தெரிகின்றன. உள்ளடக்கம் மட்டும் இல்லை. எழுதும்போது எவ்விதப் பிழையும் அறிவிக்கப்படுவதில்லை என்பதே இம்மோசடியின் கொடுமை.

இதைக் கண்டறியும் வழி எளிது. பொறுமை மட்டும் வேண்டும். பென் டிரைவை முழுதும் நிரப்பி, பின்னர் நிரப்பியதை மீண்டும் படித்து ஒப்பிட வேண்டும். இதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்னும் இலவச நிரல்கள் இருக்கின்றன. விநாடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் எழுதும் 64 ஜிகாபைட் பென் டிரைவை நிரப்ப ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பரிசுத் தாளில் சுற்றுமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்குச் செலவிடலாம். நிரல் கிட்டாதவர்கள் பழைய வீடியோக்களைக் கொண்டு பென் டிரைவை நிரப்பி, கழற்றி மீண்டும் செருகி, முதலில் பதிந்தவற்றையும் கடைசியில் பதிந்தவற்றையும் திறந்து பார்த்தாலும் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 64 ஜிகாபைட் என்று குறிக்கப்பட்ட பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் கணிப்பொறி 59 சொச்சமே காட்டும். இது மோசடியன்று. உற்பத்தியாளர் ஜிகாபைட் என்பதற்கு நூறு கோடி பைட் என்று பொருள் கொள்கிறார். கணிப்பொறியோ 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளை ஒரு ஜிகாபைட்டாகக் கணக்கிடுகிறது. ஒரே நீளம் கஜத்திலும் மீட்டரிலும் வேறு வேறு எண்ணாக வருவது போன்றதே இது. கடைக்காரருடன் இதன் பொருட்டு வழக்காடப் புறப்பட்டவர்கள் உண்டு.

உண்மையான பென் டிரைவாயினும் அது அஞ்சல்பைக்கு ஒப்பானதே அன்றி, பெட்டகத்திற்கு ஒப்பானதன்று. சிற்றறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் கசிகிறது. வெப்பத்தில் விரைந்து கசிகிறது. ஒவ்வோர் அறையையும் அழித்தெழுதுவதற்கும் ஒரு வரம்பு உண்டு. குழந்தையின் முதற் பிறந்தநாள் படங்களைப் பென் டிரைவில் இட்டுப் பரணில் வைத்துவிட்டு, அக்குழந்தையின் திருமணத்தன்று எடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணுவது வீண். நீண்ட காலச் சேமிப்புக்கு உதவ விரும்புவோர் பெயர் பெற்ற உற்பத்தியாளரின் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி அளிக்கட்டும். பெறுபவர் அதில் இன்னொரு பிரதி எடுத்து, வேறோர் இடத்தில் வைக்கட்டும்.

பல மத்திய சர்க்கார் அலுவலகங்களில் வெளிப் பென் டிரைவுகளைச் செருகுவதற்கே அனுமதியில்லை. 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், இணையத்துடன் தொடர்பில்லாத யந்திரங்களுக்குள்ளும் இத்தகைய சாதனங்கள் வழியாகவே புகுந்தது. அத்தகைய அலுவலகத்தில் இருப்பவருக்குப் பென் டிரைவைப் பரிசளித்தால், அது மேஜை இழுப்பறையிலேயே கிடக்கும்.

பரிசு பெறுபவர் மத்திய சர்க்கார் ஊழியராக இருப்பின், மத்திய குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964 என்பதையும் மறத்தலாகாது. பரிசுகளைப் பற்றி 13-ஆம் விதியும், பிரிவுபசாரங்களைப் பற்றி 14-ஆம் விதியும் கூறுகின்றன. உபசாரம் எளிமையாகவும் தனிப்பட்ட முறையிலும் இருக்க வேண்டும். சந்தா தரும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. பட்டியலுடன் மேஜை மேஜையாகச் செல்லும் உற்சாகமான நண்பர்கள் இவ்விதியை ஒரு முறை படித்துவிட்டுச் செல்வது நன்று.

களப் பணியாளருக்கு

வயலிலும் ஆற்றங்கரையிலும் மலைச் சிற்றூரிலும் விவரம் சேகரிப்போருடைய கணிப்பொறி பெரும்பாலும் மொபைல் போனோ டேப்லெட்டோதான். 2019-இல் முடிவுகள் வெளியிடப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பிலேயே விவரங்கள் டேப்லெட்டுகளின் வாயிலாகச் சேகரிக்கப்பட்டன. இவர்களுக்கு நாள்தோறும் எதிர்ப்படும் இடையூறு ஒன்றே: பிற்பகல் மூன்று மணிக்குள் மின்கலம் தீர்ந்துவிடும்.

எனவே பவர் பேங்க் தக்க பரிசு. ஆயினும் அதன் மீதுள்ள எண்ணை அப்படியே நம்பலாகாது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்ற அளவு, உள்ளே உள்ள 3.7 வோல்ட் மின்கலத்துக்கு உரியது. பெருக்கிப் பார்த்தால் 37 வாட்-மணி வரும். இதை 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது அளவு 7,400 ஆகக் குறைகிறது. மாற்றும் செயலில் வெப்பமாக இழக்கப்படுவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சமே மிஞ்சும். 5,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் கொண்ட போனை இரண்டு முறை நிரப்பலாம் என்பது கணக்கு; நடைமுறையில் ஒன்றரை முறைதான். வெளியே கிடைக்கும் அளவைச் சில உற்பத்தியாளர்கள் சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அதையே பார்த்து வாங்க வேண்டும்.

பவர் பேங்குகள் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. அமைவனத்தின் குறியுடன் 'ஆர்' என்ற எழுத்தும் அதையடுத்து எட்டு இலக்க எண்ணும் சாதனத்தின் மீது இருத்தல் வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்னும் மொபைல் செயலியில் அவ்வெண்ணை இட்டால் அது எந்த உற்பத்தியாளருக்கு, எப்பொருளுக்கு வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். எண் இல்லாத லித்தியம் மின்கலத்தை ஒருவருடைய பைக்குள் வைப்பது தீப்பெட்டியை வைப்பதைக் காட்டிலும் அபாயமானது. வெயிலில் நிறுத்திய ஜீப்பின் முன்தட்டில் எந்த பவர் பேங்கையும் விட்டுவைத்தல் கூடாது. விமானத்தில் செல்வோர் 100 வாட்-மணிக்கு உட்பட்டதைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்லலாம், சரக்கில் இடக்கூடாது. 27,000 மில்லி ஆம்பியர்-மணி ஏறத்தாழ அந்த வரம்பைத் தொடும்.

கேபிளையும் சேர்த்துக் கொடுத்தல் நலம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூ.எஸ்.பி.-சி என்பது முனையின் வடிவத்தை மட்டுமே குறிக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கேபிள்களில் சில மின்சாரத்தை மட்டும் கடத்தும், விவரங்களைக் கடத்தா. சில 60 வாட்டுக்கு மேல் தாங்கா. லாப்டாப்புக்கும் சேர்த்து வாங்குவோர் கேபிளின் வாட் அளவைக் கேட்டு வாங்குக.

இவை தவிர, களப் பணியாளருக்கு உதவும் சிறு பொருள்கள் உள்ளன. ஈரக் கையால் தொட்டால் தொடுதிரை சரிவர இயங்குவதில்லை. ஏனெனில் விரலின் மின்தேக்கு விளைவை அறிந்தே திரை செயற்படுகிறது, நீர்த்துளியோ அதைக் குழப்பிவிடுகிறது. மழைக் காலத்தில் நீர் புகாத உறையும் ஒரு சிறு துவாலையும் பெரும் உபகாரம். வெயிலில் கண் கூசாதபடி திரையின் மேல் ஒட்டும் பளபளப்பற்ற மெல்லிய தகடும் அத்தகையதே. இம்மூன்றும் சேர்ந்து ஒரு சால்வையின் விலைக்கு வாரா.

ஆசிரியருக்கு

வகுப்பறையில் படக்காட்சி தொடங்குமுன் பத்து நிமிடம் வீணாவதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவர். பல பள்ளிக்கூடங்களின் புரொஜெக்டர்களில் பழைய வி.ஜி.ஏ. செருகுவாயே உள்ளது; புதிய லாப்டாப்புகளில் எச்.டி.எம்.ஐ. அல்லது யூ.எஸ்.பி.-சி மட்டுமே உள்ளது. முன்னது அலைவடிவச் சைகையைக் கேட்கிறது. பின்னது எண்வடிவச் சைகையைத் தருகிறது. ஆகவே வெறும் கேபிள் போதாது; இடையே மாற்றி ஒன்று வேண்டும். சில நூறு ரூபாய் விலையுள்ள இச்சிறு பொருள், ஆசிரியரின் பையில் நிரந்தரமாக இருக்கத்தக்க பரிசு. வாங்குமுன் அவருடைய லாப்டாப்பின் பக்கவாட்டையும் பள்ளி புரொஜெக்டரின் பின்புறத்தையும் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினால் தவறு நேராது.

லாப்டாப்பிலேயே பல மணி நேரம் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குக் கழுத்து வலி வருவது இயல்பு. கீபோர்டும் திரையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருப்பதே காரணம். கைக்குத் தக்க உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்துவிடும். கண்ணுக்குத் தக்க உயரத்தில் வைத்தால் கை தூக்கிக்கொள்ளும். தனிக் கீபோர்டும் மௌஸும் வாங்கி அளித்தால் இச்சிக்கல் தீரும். லாப்டாப்பை உயர்த்தி வைக்கத் தாங்கி வாங்க வேண்டுவதில்லை; நான்கு பழைய அகராதிகள் போதும்.

கீபோர்டு என்றதும் தமிழ் விசை அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்வோர் மூன்று நான்கு கூட்டத்தினராகப் பிரிந்துள்ளனர். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அமைந்த தமிழ் 99 அமைப்பைப் பயில்வோர் ஒரு சாரார். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்டைக் கையாள்வோர் மற்றொரு சாரார். இந்தியில் பழகியவர் அதே விரலமைப்பில் தமிழையும் அடிக்கலாம் என்பது இதன் சௌகரியம். தட்டச்சுப் பயிற்சிப் பள்ளியில் பழகிய பழைய தட்டச்சு அமைப்பை விடாதவர்களும், ஆங்கில எழுத்துகளால் ஒலிக்குறிப்பாக அடிப்போரும் உளர்.

இவர்களுக்குப் பரிசு தேடுவோர் ஓர் உண்மையை அறிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை; எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணையே அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது கணிப்பொறியின் உள்ளே உள்ள நிரல். எனவே எக்கீபோர்டாயினும் எவ்வமைப்புக்கும் ஏற்றதே; விசைகளின் மேல் ஒட்டுவதற்குத் தமிழ் எழுத்து ஒட்டுத்தாள் ஒரு தொகுதி இருந்தால் புதிதாகப் பயில்வோருக்குப் போதும். தேர்ந்தோருக்கு அதுவும் வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட இக்கட்டுரையாசிரியருக்கு, பலவண்ண ஒளி வீசும் விலையுயர்ந்த கீபோர்டு ஒன்று பரிசாகக் கிடைத்தது. இடத்தைச் சுருக்கும் பொருட்டு அதன் வலப்புற ஷிஃப்ட் விசை சிறிதாக்கப்பட்டிருந்தது. தட்டச்சு அமைப்பில் ஷிஃப்ட் விசையை அடிக்கடி அழுத்த வேண்டும். பக்கத்துக்கு இருபது பிழை வந்தது. அதன் ஓசையோ அறை முழுவதும் கேட்டது. இப்பொழுது அது அக்காள் மகனின் விளையாட்டுகளுக்கு நன்கு உதவுகிறது. அவனுக்கு அதைவிடச் சிறந்த பரிசு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பார்வையற்ற ஆசிரியருக்கும் ஊழியருக்கும் பரிசளிக்க விரும்புவோர், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளை விலைக்கு வாங்க முற்படுகின்றனர். அவசியமில்லை. பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். இவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது நல்ல ஹெட்போன். அதிலும் ஒரு காதை மட்டும் மூடுவதாக இருத்தல் சிறப்பு. மறு காதால் வகுப்பறையின் அரவத்தையும் அழைப்போரின் குரலையும் கேட்க வேண்டுமன்றோ?

மேஜைக் கணிப்பொறி உடையவருக்கு

மின்தடை மிகுந்த ஊர்களில் யூ.பி.எஸ். இன்றியமையாதது. புதிதாக வாங்குமுன், அவரிடம் ஏற்கெனவே ஒன்று செயலற்றுக் கிடக்கிறதா என விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது யூ.பி.எஸ். அன்று, அதனுள் உள்ள ஈய-அமில மின்கலமே; இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றை மாற்றினால் பழையது மீண்டும் உழைக்கும். லாப்டாப் வைத்திருப்பவருக்கு யூ.பி.எஸ். தேவையில்லை, மின்தடையின்போது அவருக்கு நிற்பது இணையத் தொடர்பு. ரூட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய 12 வோல்ட் யூ.பி.எஸ். அவருக்கு உகந்தது.

பழைய கணிப்பொறி மெதுவாக இயங்குவதாகச் சலித்துக்கொள்பவருக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தித் தருவது புதுக் கணிப்பொறியே அளித்ததற்குச் சமம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில், வேண்டிய இடம் ஊசியின் கீழ் வருவதற்கே சராசரி 4 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதியே இல்லையாதலால் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கில் வேலை முடிகிறது. ஆயினும் அதன் வடிவங்கள் பல. யந்திரத்தைத் திறந்து பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

நாற்பதைக் கடந்தவருக்குப் பெரிய திரை அளிப்போர், முதலில் அவருடைய கண்ணாடியைக் கவனிக்கட்டும். படிக்கும் கண்ணாடி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தூரத்திற்கு அமைந்தது. திரையோ 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த இடைத் தூரத்திற்கெனத் தனிக் கண்ணாடி செய்து கொடுத்தால், திரை பழையதே ஆயினும் எழுத்துத் தெளிவாகும்.

பரிசுப் போட்டியில் வென்ற மாணவர்க்குப் பள்ளிக்கூடங்கள் வழங்கத்தக்கது மைக்ரோபிட். பி.பி.சி. நிறுவனம் 2016-இல் பிரிட்டிஷ் பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய இந்த உள்ளங்கையளவுப் பலகையில் 25 சிறு விளக்குகளும், அசைவையும் திசையையும் அறியும் உணரிகளும் உள்ளன. மாணவன் தான் எழுதிய நிரல் விளக்காக எரிவதைக் கண்ணால் காண்கிறான்.

பழைய கணிப்பொறியையே பரிசாகத் தருவதானால்

அலுவலக நண்பரோ உறவினரோ தம் பழைய லாப்டாப்பை ஓர் ஏழை மாணவருக்கு அளிப்பது மிகவும் பாராட்டத்தக்க செயல். ஆனால் விண்டோஸ் 10 இயக்கமுறைக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. பழைய யந்திரங்கள் பல அடுத்த பதிப்பை ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸ் வகை ஒன்றைப் பதித்துத் தரலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் அவ்வகையினதே.

கொடுக்குமுன் தம் விவரங்களை அகற்றுவதில் பலர் தவறிவிடுகின்றனர். ஒரு கோப்பை நீக்கினால் கணிப்பொறி அதன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறதே தவிர, உள்ளடக்கம் அவ்விடத்திலேயே கிடக்கிறது. எளிய நிரலால் மீட்டுவிடலாம். வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் அவ்வாறு பிறர் கைக்குச் செல்லக்கூடும். ஹார்ட் டிஸ்காயின் முழுதும் ஒரு முறை மேலெழுதிவிட வேண்டும். எஸ்.எஸ்.டி.யாயின் உற்பத்தியாளர் தரும் அழிப்புக் கட்டளையைக் கையாள வேண்டும். அதில் மேலெழுதினால் சில பகுதிகள் தப்பிவிடும்.

புதுப் பொருளோ, பழைய பொருளோ, ரசீதையும் உடன் தருவது அவசியம். விலை தெரிந்துவிடுமே என்று கூசி அதைக் கிழித்தெறிவது நம்மவர் வழக்கம். ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., யூ.பி.எஸ். ஆகியவற்றுக்கு உத்தரவாதம் பல ஆண்டுகளுக்கு உண்டு. அது பெரும்பாலும் ரசீதில் உள்ள தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. விலையை மறைக்க விரும்புவோர் ரசீதைத் தனி உறையில் இட்டு ஒட்டி, மேலே "பழுதானால் திறக்கவும்" என்று எழுதி, பெட்டிக்குள் வைத்துவிடலாம்.